கூரையில் இருக்கும் பழைய சோலாரை என்ன செய்வது?

கேள்வி: ஐயா, நாங்கள் குச்சவெளிப் பக்கம். வீட்டில் இரண்டு சோலார் இருக்கின்றன. ஒன்று, லைன் கரண்ட் வர முன்னர் அப்பா போட்டது. சின்னப் பனல் இரண்டு, பெரிய பற்றரி இரண்டு. அப்பா இறந்த பிறகு அது சும்மாதான் கிடக்கிறது. மற்றது 2018இல் மின்சார சபை லைனோடு சேர்த்துப் போட்ட 5 கிலோவாட், பதினாறு பனல். புரெவிப் புயல் அடித்த நேரம் தென்னை மட்டை விழுந்து அதில் ஒன்று நொறுங்கிவிட்டது, அப்படியே விட்டுவிட்டோம். இப்போது மழை நாட்களில் காலையில் இன்வேட்டரில் சிவப்பு லைட் எரிகிறது, வெயில் ஏறினால் சரியாகிவிடுகிறது. வருகிற மாதம் அஸ்பெஸ்டஸ் சீற்றைக் கழற்றிவிட்டு ஓடு போடப் போகிறோம். சோலாரையும் அதோடு கழற்றி எறிந்துவிடலாம் என்று யோசனை. தம்பி தானே கழற்றுகிறேன் என்கிறான். பழைய இரும்பு எடுக்கிற லொறிக்காரர் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு விலை சொல்கிறார். கடற்றொழில் செய்யும் அத்தான், பற்றரி ஈயத்தை உருக்கி வலைக்குக் குண்டு வார்க்கலாம் என்கிறார். உடைந்த பனலை வளவுக்குள் கிடங்கு வெட்டித் தாட்டுவிடலாமா என்று அம்மா கேட்கிறா. எது சரி?
— ஓர் ஆசிரியை

பதில்: வணக்கம் டீச்சர்.

நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்ட ஒரு வரியில்தான் என் கண் முதலில் நின்றது. மழை நாள் காலையில் சிவப்பு லைட், வெயில் ஏறினால் சரி. பெரும்பாலும் இது இன்வேட்டரின் கோளாறாக இருக்காது. (இன்வேட்டர் என்பது, பனல் தரும் ஒரே திசையில் ஓடும் டிசி மின்சாரத்தை, வீட்டு லைனில் இருக்கும் திசை மாறி மாறி ஓடும் ஏசி மின்சாரமாக மாற்றும் பெட்டி.) லைனோடு சேர்ந்த இன்வேட்டர்கள் தினமும் காலையில் வேலை தொடங்கும் முன், பனல் பக்கத்து வயர்களிலிருந்து கரண்ட் எங்காவது நிலத்துக்குக் கசிகிறதா என்று தாமே ஒருமுறை சோதித்துக்கொள்ளும். கசிவு இருந்தால் தொடங்காது. உங்கள் உடைந்த பனலின் வெடிப்புகளுக்குள் இரவு மழைத் தண்ணீர் இறங்குகிறது. உள்ளே இருக்கும் செல்லிலிருந்து அலுமினியச் சட்டத்துக்கு அந்த ஈரம் வழியாகக் கரண்ட் கசிகிறது. வெயில் ஏறி ஈரம் காய்ந்ததும் இன்வேட்டர் மனம் மாறி ஓடத் தொடங்குகிறது. புரெவி கரையேறியது 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு, திரியாய்க்கும் குச்சவெளிக்கும் இடையில், உங்கள் வாசலில் என்றே சொல்லலாம். அன்றிலிருந்து அந்தப் பனல் அப்படியே லைனில் இருக்கிறது என்றால், ஒவ்வொரு மழைக்கும் அந்தக் கூரையை யாரும் தொடாமல் இருந்தது உங்கள் அதிர்ஷ்டம்.

ஆகவே இன்றைக்கே அதை நிறுத்துங்கள். இன்வேட்டருக்குப் போகும் ஏசி பிரேக்கரை முதலில் இறக்குங்கள். அப்புறம் இன்வேட்டரின் அடியில் அல்லது பக்கத்தில் இருக்கும் டிசி ஐசோலேட்டரை, அதாவது பனல் பக்கத்து வயரைத் துண்டிக்கும் சுவிட்சைத் திருப்புங்கள். இந்த ஒழுங்கு மாறக் கூடாது. நிறுத்திய பிறகும், கூரை ஈரமாக இருக்கும்போது பனல் சட்டத்தையோ அதைத் தாங்கும் ரெயிலையோ யாரும் தொடக் கூடாது. கீழே நீங்கள் எதை நிறுத்தினாலும் பனல் நிற்காது. வெளிச்சம் படும்வரை அது மின்சாரம் தந்துகொண்டே இருக்கும்.

தம்பிக்கு இதைக் கொஞ்சம் கணக்குப் போட்டே காட்டுங்கள். பதினாறு பனலில் 5 கிலோவாட் என்றால் ஒவ்வொன்றும் 320 வாட் அளவில் இருக்கும். அந்த வகைப் பனல் ஒன்று, சுமை இல்லாதபோது 46 வோல்ட் வரை காட்டும். எட்டு எட்டாகக் கோர்த்திருந்தால் ஒரு வரிசையில் 368 வோல்ட். வீட்டு லைனே 230 வோல்ட்தான். "வெயில் ஏற முன் கழற்றிவிடலாம்" என்று அவர் சொல்லக்கூடும். காலை ஆறரைக்கே வோல்ட்டேஜ் கிட்டத்தட்ட முழுதாக வந்துவிடும், கரண்ட்தான் குறைவாக இருக்கும். விடியப்புறம் ஏறுவது சூட்டுக்கு நல்லது, ஷொக்கிலிருந்து காப்பாற்றாது. இன்னொன்று, இது டிசி. வீட்டு ஏசி ஒரு செக்கனுக்கு 100 தடவை பூச்சியத்தைத் தொட்டுப் போவதால் அதில் எழும் பொறி தானாக அணைய வழி உண்டு. டிசியில் அந்தப் பூச்சியம் வராது. ஓடிக்கொண்டிருக்கும் வரிசையில் கனெக்டரை இழுத்துக் கழற்றினால், இரண்டு முனைக்கும் நடுவில் வெல்டிங் பொறி போல நெருப்பு நின்று எரியும். கை சுடுபடும், ஆள் பயந்து பின்னால் சாய்வார். சாய்வது அஸ்பெஸ்டஸ் சீற்றின் மேல்.

சரி, "கழற்றி எறிந்துவிடலாம்" என்கிறீர்களே, எதை எறிவது? 2018இல் போட்ட பனல்கள் இன்னும் இளசு. நல்ல பனல் வருடத்துக்கு அரை வீதம், கூடினால் முக்கால் வீதம் அளவில்தான் சக்தி இழக்கும், அதனால்தான் 25 வருட உத்தரவாதம் கொடுக்கிறார்கள். உடைந்தது ஒன்று போக மீதிப் பதினைந்தும், புயலில் அடி வாங்காமல் இருந்தால், 90 வீதத்துக்கு மேல் தரக்கூடியவை. ஓடு போட்டு முடிந்ததும் ஓட்டுக் கூரைக்கான கொக்கி வாங்கித் திரும்பப் பொருத்துங்கள். ஒரு வரிசையில் எட்டு, மற்றதில் ஏழு என்று வருவதை உங்கள் இன்வேட்டர் ஏற்குமா என்று பொருத்துபவரிடம் கேளுங்கள். இரண்டு வரிசைக்கும் தனித்தனி உள்ளீடு இருந்தால் பிரச்சினை இல்லை. ஒரே உள்ளீட்டில் இரண்டையும் சேர்த்திருந்தால் ஏழும் ஏழுமாக வைத்துவிட்டு ஒரு பனலைக் கையிருப்பில் வைப்பது நல்லது.

காசு விஷயமும் இதில் இருக்கிறது. 2016இல் தொடங்கிய, அரசாங்கத்தின் கூரை சோலார் திட்டமான சூரிய பல சங்கிராமயத்தில், நெட் அக்கவுண்டிங் முறையில் (பாவித்தது போக லைனுக்குக் கொடுக்கும் மிச்ச மின்சாரத்துக்குக் காசு தரும் முறை) அந்த நாட்களில் சேர்ந்தவர்களுக்கு முதல் 7 வருடம் அலகுக்கு 22 ரூபாய், அதன் பிறகு 20 வருடம் முடியும்வரை 15 ரூபாய் 50 சதம். நீங்கள் அந்த முறையில் இருந்தால் உங்கள் உடன்படிக்கை 2038 வரை ஓட வேண்டியது. சொல்லாமல் கொள்ளாமல் கழற்றிவிட்டுப் பிறகு போய் நின்று விளக்கம் சொல்லத் தேவையில்லை. கூரை வேலைக்காகத் தற்காலிகமாகக் கழற்றுகிறோம், அதே பனல்களையே திரும்பப் போடுவோம் என்று மின்சார சபையின் உங்கள் பிரதேச அலுவலகத்துக்கு எழுத்தில் கொடுத்து, பதிலையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஏற்றுமதி மீற்றர் பக்கத்து வேலையை வெளியார் யாரும் தொடக் கூடாது.

இனித் தம்பி. கெட்டிக்காரப் பிள்ளையாக இருக்கலாம், ஆனால் இந்த 5 கிலோவாட்டைக் கழற்ற அவரை ஏற்ற வேண்டாம். சோலார் பொருத்திப் பழகிய மின்வேலைக்காரர் ஒருவர், உதவிக்கு இன்னொருவர் வேண்டும். முதலில் போட்டுத் தந்த நிறுவனம் இன்னும் இயங்கினால் அவர்களையே கூப்பிடுங்கள். வருபவர் வேலை தெரிந்தவரா என்று கீழே நின்றே கண்டுபிடிக்கலாம். ஏசியை நிறுத்துவார், பிறகு டிசியை நிறுத்துவார். அப்புறம் இன்வேட்டரின் லேபிளில் எழுதியிருக்கும் நிமிடங்கள் அளவுக்குச் சும்மா நிற்பார். உள்ளே கப்பாசிட்டர்களில் மிச்சமிருக்கும் மின்சாரம் இறங்க அந்த நேரம் வேண்டும். பிறகு கிளாம்ப் மீற்றரை டிசியில் வைத்து வயரைக் கவ்விக் கரண்ட் பூச்சியமா என்று பார்ப்பார். பூச்சியம் கண்ட பிறகுதான் கனெக்டரில் கை வைப்பார், அதற்கும் தனிச் சாவி வைத்திருப்பார். கழற்றிய ஒவ்வொரு முனைக்கும் உடனே மூடி போடுவார் அல்லது டேப் சுற்றுவார். ஏர்த் வயரைக் கடைசியாகத்தான் கழற்றுவார். வந்தவுடன் குறட்டை எடுத்து இரண்டு வயரையும் ஒன்றாகப் பிடித்து வெட்டப் போகிறவரைத் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

உடைந்த பனலைத்தான் அவர் முதலில் கவனிக்க வேண்டும். காய்ந்த நாளாகப் பார்த்து, கறுப்புப் பொலித்தீன் விரித்து வெளிச்சத்தை மறைத்து, 1000 வோல்ட் தாங்கும் ரப்பர் கையுறைக்கு மேல் தோல் கையுறையும் போட்டு எடுக்க வேண்டியது அது. கண்ணாடி துகள் துகளாக நொறுங்கியிருந்தாலும் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் படலம் அதைப் பிடித்து வைத்திருக்கும். மடங்கினால் கொட்டத் தொடங்கும். இறக்கியதும் அதே பொலித்தீனில் முழுதாகச் சுற்றி டேப் ஒட்டிவிடச் சொல்லுங்கள்.

கூரையைப் பற்றியும் ஒன்று. பழைய அஸ்பெஸ்டஸ் சீற் ஆளைத் தாங்காது. மரச் சட்டங்களுக்குக் குறுக்கே பலகை போட்டு அதன் மேல்தான் நடக்க வேண்டும், இடுப்பில் கயிறும் வேண்டும். கடற்கரை உப்புக் காற்றில் நட்டும் போல்ட்டும் கறள் பிடித்து இறுகியிருக்கும். அதற்காக கிரைண்டரைப் பிடிக்கக் கூடாது. பொறி ஒருபக்கம், அஸ்பெஸ்டஸ் தூசி மறுபக்கம். முதல் நாளே எண்ணெய் விட்டு ஊற வைத்தால் பாதி இளகிவிடும். சீற்றைக் கழற்றும்போது தண்ணீர் தெளித்து, முடிந்தவரை உடைக்காமல், மூக்குக்கு நல்ல மாஸ்க் போட்டுக் கழற்றச் சொல்லுங்கள். காற்றையும் பாருங்கள். ஒரு பனல் 22 கிலோ, கிட்டத்தட்ட இரண்டு சதுர மீற்றர். கச்சான் அடிக்கும் மாதங்களில் மத்தியானத்துக்குப் பிறகு அதைக் கூரையில் தூக்கி நிறுத்தினால், இரண்டு ஆள் பிடித்தாலும் காற்று இழுத்துக்கொண்டு போகும்.

இவ்வளவு எழுதினாலும், உங்கள் வீட்டில் எனக்கு அதிகம் கவலை தருவது கூரையில் இல்லை. அப்பா வைத்துவிட்டுப் போன அந்த இரண்டு பற்றரிதான்.

சோலாருக்கு வைக்கும் 150 ஆம்பியர்-அவர் பற்றரி ஒன்று 50 கிலோ அளவில் இருக்கும். அதில் அரைவாசிக்கு மேல் ஈயம், மீதியில் பெரும்பகுதி கந்தக அமிலம். வருடக்கணக்காகக் கிடந்தாலும் அமிலம் அமிலம்தான். ஒரு தடவை சார்ஜ் போட்டுப் பார்ப்போம் என்று யாரும் முயல வேண்டாம். பக்கம் வீங்கியிருக்கிறதா, அடியில் நனைவு இருக்கிறதா என்று முதலில் டோர்ச் அடித்துப் பாருங்கள். கழற்றும்போது முதலில் பல்ப் வயர்கள், பிறகு கொன்ட்ரோலரிலிருந்து (பற்றரி சார்ஜ் ஆவதைக் கட்டுப்படுத்தும் சின்னப் பெட்டி) பனல் வயர், கடைசியில் பற்றரி வயர். பற்றரியில் நெகட்டிவ் முனை முதலில். கையில் மோதிரம், மணிக்கூடு, கழுத்தில் சங்கிலி எதுவும் இருக்கக் கூடாது. 12 வோல்ட் ஷொக் அடிக்காது, ஆனால் ஸ்பனர் இரண்டு முனையிலும் பட்டால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும், மோதிரம் விரலிலேயே பழுக்கும். முனைகளில் பூத்திருக்கும் வெள்ளை, நீலப் பொடியை வெறும் கையால் தட்டாதீர்கள். ஒரு வாளித் தண்ணீரில் அப்பச்சோடா கரைத்துப் பக்கத்தில் வையுங்கள். சிந்திய அமிலத்தில் அதை ஊற்றினால் நுரைக்கும், நுரை நின்றால் அமிலம் முறிந்துவிட்டது. கண்ணில் தெறித்தால் மட்டும் சோடாத் தண்ணீர் வேண்டாம். சுத்தமான தண்ணீரைக் கால் மணி நேரத்துக்குக் குறையாமல் ஓடவிட்டுக் கழுவிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பற்றரியைச் சாய்க்காமல் இரண்டு பேர் தூக்கி, ஒரு பிளாஸ்டிக் பேசினுக்குள் நிமிர்த்தி வையுங்கள்.

அத்தானுக்கு நான் நேராகவே சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். பற்றரி ஈயத்தை வீட்டில் உருக்கக் கூடாது. ஈயம் 327 பாகையில் உருகும், விறகடுப்பே போதும், அதனால்தான் எல்லோருக்கும் அது சுலபமான வேலையாகத் தெரிகிறது. ஆனால் பற்றரிக்குள் இருப்பது சுத்தமான ஈயக் கட்டி இல்லை. பாதிக்கு மேல் பசையாகவும் தூளாகவும் இருக்கும் ஈயச் சேர்மங்கள். உடைக்கும்போதும் உருக்கும்போதும் அந்தத் தூள் உடுப்பிலும் முற்றத்து மணலிலும் படியும், சின்னப் பிள்ளைகளின் கை வழியே வாய்க்குப் போகும். ஈயம் பிள்ளைகளின் மூளையைத்தான் முதலில் பிடிக்கிறது. இவ்வளவு என்றால் பரவாயில்லை என்று சொல்லக்கூடிய அளவு எதுவும் இல்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. செனகல் நாட்டில் டாக்கர் நகரத்தை ஒட்டி, தியாரோய் சூர் மேர் என்று ஓர் ஊர் இருக்கிறது, அதுவும் கடற்கரைதான். பழைய பற்றரி ஈயத்தைச் சனங்கள் தங்கள் வளவுகளில் மணலோடு அரித்தெடுத்தார்கள். 2007 நவம்பருக்கும் 2008 மார்ச்சுக்கும் இடையில் அங்கே 18 பிள்ளைகள் இறந்தார்கள். வலைக்குண்டைக் கடையில் வாங்கிக்கொள்ளலாம்.

அம்மாவின் யோசனை. கரையோரத்தில் உங்கள் நிலம் மணல். கிணறும் ஆழமில்லை. மேலே ஊற்றுவது எல்லாம் வடிந்து கீழே இருக்கும் அந்தக் கொஞ்ச நல்ல தண்ணீரோடுதான் சேரும். பனலில் பெரும்பகுதி கண்ணாடியும் அலுமினியமும்தான், உண்மை. ஆனால் செல்களை ஒன்றோடொன்று இணைக்கும் பட்டியின் பற்றாசில் பெரும்பாலும் ஈயம் இருக்கும். முழுப் பனலில் அது மூடிக் கிடக்கும், நொறுங்கிய பனலில் மழைத் தண்ணீர் அதைத் தொடும். ஒரு பனலால் ஊர்க் கிணறு நஞ்சாகிவிடும் என்று நான் பயமுறுத்தமாட்டேன். ஆனாலும் குடிக்கிற தண்ணீருக்கு மேல் அதை ஏன் தாட்டு வைக்க வேண்டும்? எரிப்பதும் கூடாது. பின்பக்கத்து வெள்ளைத் தாளில் பல பனல்களில் புளோரின் சேர்ந்த பிளாஸ்டிக் இருக்கும், அந்தப் புகை சுவாசப் பையை அரிக்கும்.

இனி லொறிக்காரர். அவர் எல்லாவற்றுக்கும் ஒரே விலை சொல்வது எதற்காக என்று பாருங்கள். அவருக்கு வேண்டியது பற்றரி ஈயம், பனல் சட்டத்து அலுமினியம், வயரின் செம்பு. பாரம் குறைய அமிலத்தை எங்காவது ஊற்றுவார்கள், சட்டத்தை உரித்த பிறகு கண்ணாடித் தகட்டை வீதியோரத்தில் விடுவார்கள். எல்லோரும் அப்படி இல்லை, ஆனால் அனுமதிப்பத்திரம் இல்லாதவரிடம் இதைத் தடுக்க உங்களுக்கு ஒரு வழியும் இல்லை. பழைய ரெயில், கிளாம்ப், கறள் பிடித்த இரும்பு இவற்றை அவருக்கே கொடுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. பற்றரியும் உடைந்த பனலும் மட்டும் அந்த லொறியில் ஏறக் கூடாது.

பற்றரி, மின்னணுக் கழிவு போன்றவற்றை எடுக்க, ஏற்றிச் செல்ல, மீள்சுழற்சி செய்ய மத்திய சுற்றாடல் அதிகார சபையின் அனுமதிப்பத்திரம் வேண்டும். 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ், 2008 பெப்ரவரி 1ஆம் திகதி வந்த வர்த்தமானி அப்படிச் சொல்கிறது. அனுமதி பெற்றவர்களின் பட்டியலை அதிகார சபையே வெளியிடுகிறது, திருகோணமலை அலுவலகத்தில் கேட்டாலும் சொல்வார்கள். பற்றரிக்கு இன்னும் சுலபமான வழி, பற்றரி விற்கும் கடை. புதிது வாங்குபவரிடம் பழையதை எடுத்து விலையில் கழித்துக்கொள்வது வழமை. நீங்கள் புதிது வாங்காவிட்டாலும், உறவினர் யாராவது வாங்கும்போது சேர்த்துக் கொடுத்துவிடலாம். கடைக்காரர் அதை யாரிடம் கொடுக்கிறார் என்று மட்டும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

பனலுக்கு அவ்வளவு சுலபமான வழி இல்லை. மின்னணுக் கழிவு சேகரிப்பவர்களில் சிலர் கணினி, தொலைபேசியோடு நின்றுவிடுவார்கள். ஆகவே லொறி பிடிக்க முன் தொலைபேசியில் "சோலார் பனல் எடுப்பீர்களா, உடைந்ததையும் எடுப்பீர்களா" என்று இரண்டு கேள்வியையும் கேளுங்கள். அலுமினியச் சட்டத்தைக் கழற்றாமல் முழுதாகக் கொடுங்கள். சட்டம் போன பனலைத் தூக்கவும் முடியாது, எடுக்கவும் யாரும் முன்வரமாட்டார்கள். உங்கள் ஒரு பனலுக்காக அவர்கள் வரமாட்டார்கள் என்றால் பக்கத்து ஹோட்டல்களில் விசாரியுங்கள். நிலாவெளிப் பக்கம் கூரை நிறைய சோலார் வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள், அவர்களிடமும் உடைந்தது இரண்டு மூன்று கிடக்கும். எல்லாம் சேர்ந்தால் ஒரு லொறிக்குக் கதை சரிவரும். இதை நாம் இப்போதே பழகிக்கொள்வது நல்லதென்று நினைக்கிறேன். சம்பூரில் 120 மெகாவாட் சோலார் நிலையத்துக்கு 2025 ஏப்ரலில் தொடக்கவிழா நடந்தது. 550 வாட் பனல் என்று வைத்துக் கணக்குப் பார்த்தாலும் இரண்டு லட்சத்துக்கு மேல் பனல். அவையும் ஒரு நாள் இறங்கத்தான் வேண்டும்.

அப்பாவின் சின்னப் பனல் இரண்டையும் அவசரப்பட்டுக் கழிவில் சேர்க்காதீர்கள். இந்தப் பழைய செட்டுகளில் செத்துப் போவது பற்றரி, அதற்கடுத்தது கொன்ட்ரோலர். பனல் பெரும்பாலும் உயிரோடு இருக்கும். நல்ல வெயிலில் தனியாகக் கழற்றி, மல்டிமீற்றரை வயர் இரண்டிலும் வைத்துப் பாருங்கள். 20, 21 வோல்ட் வந்தால் நல்ல அறிகுறி. கண்ணாடி உடையாமல், செல்லில் பழுப்புக் கறை இல்லாமல் இருந்தால் யானை வேலி போட்டிருக்கும் தோட்டக்காரர் யாராவது வேலிப் பெட்டிக்குப் பற்றரி சார்ஜ் பண்ண விருப்பமாக வாங்கிப் போவார்கள். அந்தக் காலத்து 12 வோல்ட் குழாய் பல்புகள் வீட்டில் இன்னும் இருந்தால் கவனம், அவற்றுக்குள் கொஞ்சம் பாதரசம் இருக்கிறது. உடைக்காமல் ஒரு மட்டைப் பெட்டியில் வைத்து மின்னணுக் கழிவோடு கொடுங்கள்.

தம்பிக்குச் செய்ய வேலை இல்லாமல் போகவில்லை. இன்வேட்டர் லேபிளையும், கூரையிலிருந்து இறங்கும் ஒவ்வொரு பனலின் பின்பக்க லேபிளையும் படம் எடுத்து, தொடர் இலக்கத்தைக் கொப்பியில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். மின்சார சபைக்கும் உத்தரவாதத்துக்கும் அது தேவைப்படும். பதினைந்து பனலையும் வெறும் தரையில் படுக்க வைத்து அடுக்க வேண்டாம். பலகை மேல் நிமிர்த்தி, இடையில் மட்டை வைத்து, சுவரில் சாய்த்துக் கயிற்றால் கட்டி, மேலே படங்கு போட்டு மூட வேண்டும். ஒரு பனலின் பின்பக்கப் பெட்டி அடுத்ததன் கண்ணாடியில் உரசாமல் பார்ப்பது முக்கியம். பற்றரி இரண்டையும் எடுக்கும்வரை குசினியிலிருந்தும் கிணற்றிலிருந்தும் தள்ளி, நிழலான, காற்றோட்டமான இடத்தில் பேசினோடு வையுங்கள். முனைகளில் தடித்த டேப் ஒட்டி, பிள்ளைகள் போகாதபடி மறித்துவிடுங்கள். யார் எடுத்தாலும் அனுமதிப்பத்திரத்தின் பிரதி ஒன்றையும், எத்தனை பற்றரி, எத்தனை பனல் என்று எழுதிய ரசீதையும் கேளுங்கள். தரத் தயங்கினால் ஏற்றவிட வேண்டாம்.